கஜராபாய் சுமந்த மண்

பாபுள்தராவில் கஜராபாயின் குரல் எட்டாத இடம் என்று ஒன்றுதான் இருந்தது. அது ஊர்க் கூட்டம். மற்றபடி, ஓடைக்கரையில் நின்று அவள் தன் ஆடுகளைக் கூப்பிட்டால் பிரோபா மலைக்கு அந்தப் பக்கம் மேய்கிற அயலூர் ஆடுகளும் மேய்ச்சலை விட்டுத் தலை தூக்கும். அவள் புருஷன் கோண்டிபா கல்யாணங்களுக்கு ஹல்கிப் பறை அடிக்கிறவன். "வெளியில பறை, வீட்டுல இவ. என் காதுக்கு ஞாயித்துக்கெழமையே கெடையாது" என்று சொல்லிச் சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கஜராபாயைச் சிரிக்க வைப்பது சுலபம், அவள் வாயை அடைப்பதுதான் கஷ்டம்.

ஊருக்குக் கிழக்கே, ஓடையைத் தாண்டி இருந்தது அவர்களுடைய மாங்வாடா, மாங் சாதிக்காரர்களின் சேரி. அங்கே எந்த வீட்டுக்கும் ஒரு கைப்பிடி நிலம் கிடையாது. கயிறு திரிப்பார்கள், துடைப்பம் கட்டுவார்கள், மேலத்தெரு வயல்களுக்குக் கூலிக்குப் போவார்கள். தசரா முடிந்ததும் கரும்பு வெட்ட ஆள் பிடிக்கிற மேஸ்திரியின் டிராக்டர் வரும். பானை சட்டி, கைக்குழந்தை, கோழி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாடாவில் பாதிப் பேர் மேற்கே போய்விடுவார்கள். திரும்பி வரும்போது வெயில் கொளுத்தும். கல்யாணமான வருஷத்திலிருந்து கஜராபாயும் போனாள். மூத்தவள் மங்கல் பிறந்ததே கரும்பு வயலின் வரப்பில்தான். அன்றைக்கும் மேஸ்திரி வந்து, எத்தனை கட்டு ஆச்சு என்றுதான் கேட்டான். அதைச் சொல்லும்போது மட்டும் கஜராபாய் சிரிக்க மாட்டாள்.

அப்புறம்தான் ஆடு வந்தது. நாத்தனார் ஒரு பெட்டை ஆட்டை வாரத்துக்கு விட்டாள். ரெண்டு குட்டி போட்டால் ஒன்று அவளுக்கு, ஒன்று இவளுக்கு. அந்த ஒற்றை ஆடு பெருகி ஒரு சின்ன மந்தையான பிறகு கஜராபாய் டிராக்டரில் ஏறவில்லை. மங்கல் வருஷம் முழுக்க ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். மழைக்காலத்தில் ஒரு வாத்தியார், குளிர்காலத்தில் எந்த வாத்தியாரும் இல்லை என்கிற நிலைமை அவளுக்கு அதோடு ஒழிந்தது. ஆடு இருந்தால் கரும்பு இல்லை, ஆடு இல்லாவிட்டால் கரும்பு. கணக்கு அவ்வளவுதான். ஆட்டுக்கு வேண்டியது பிரோபா மலை. மலை யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே அது தன்னுடையது என்று கஜராபாய் தன் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மலைக்குத்தான் ஒரு நாள் ஜீப் வந்தது. நகரத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று ஊர் ஊராகப் போய் மழைத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் வேலை செய்துகொண்டிருந்தது. மலையில் வரிசையாகக் குழி வெட்டி, கீழே ஓடையின் குறுக்கே மண் கரை போட்டால் கிணறுகள் ஊறும் என்று அந்த ஜீப்பில் வந்த நிகம் சாஹேப் படம் போட்டுக் காட்டினார். நல்ல மனுஷர், கொஞ்சம் பயந்த சுபாவம், எதைச் சொன்னாலும் கடைசியில் "சரிதானே?" என்று கேட்பார். ஊரில் ஒரு கமிட்டி வேண்டும், அதில் நிலம் இல்லாதவர்கள் இருக்க வேண்டும், பெண்களும் இருக்க வேண்டும், சரிதானே, என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஊரில் பெரிய கிணறும் பெரிய மீசையும் ரங்கநாத்ராவ் ஷேள்கேவுக்குத்தான். எல்லோருக்கும் அவர் தாத்யா. கமிட்டிக்குத் தலைவர் யார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

"நெலம் இல்லாத ஆளு ஒண்ணு, பொம்பள ஒண்ணு. கஜராவ போட்டுடு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றார்.

"அவ வாய் தாங்காது தாத்யா" என்று ஒருவர் தயங்கினார்.

"பகல் முழுக்க அவ மலையில கெடக்கறவ. கூட்டத்துக்கு எங்க வரப் போறா? பேரு இருக்கும், ஆளு இருக்காது. அதுதான் நமக்கு வேணும்."

விஷயம் மங்கலின் டீச்சர் மூலமாகக் கஜராபாயின் காதுக்குப் போனது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எம் பேரு மட்டும் கமிட்டிக்குப் போயிருக்காம் கோண்டிபா. தனியா அனுப்பினா பயந்துக்காதா? நானும் தொணைக்குப் போறேன்" என்று கிளம்பினாள். ஆட்டை எங்கே விடுவது? அதுகளையும் ஓட்டிக்கொண்டு போனாள்.

கூட்டம் மாருதி கோயில் மண்டபத்தில் நடந்தது. வாடாக்காரர்கள் கோயில் படிக்குக் கீழே நின்றுதான் கும்பிடுவார்கள். மேலே வராதே என்று யாரும் அதட்டியதில்லை. அதட்டத் தேவை வந்ததில்லை, அவ்வளவுதான். கஜராபாய் கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா அங்கயே உக்காந்துட்டீங்க? மேல வாங்க" என்றார் நிகம் சாஹேப்.

மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள். கஜராபாய்க்கு அவர்களைப் பார்த்துப் பாவமாகக்கூட இருந்தது.

"நான் வந்தா இதுகளும் வந்துடும் சாஹேப். மாருதிக்கு வச்ச தேங்காய தின்னுட்டா பாவம் யாருக்கு? நீங்க சொல்லுங்க, என் காது நல்லா கேக்கும்."

சொன்னார்கள். காது நன்றாகத்தான் கேட்டது. பிரோபா மலையை மூடப் போகிறார்கள். கன்று நட்டு, புல் விதைத்து, மூன்று வருஷத்துக்கு ஆடு மாடு எதுவும் காலை வைக்கக் கூடாது.

"என் ஆடு எங்க போவும்?"

"வித்துடு" என்றார் தாத்யா, வெற்றிலையை மடித்துக்கொண்டே. "ஊர் நல்லதுக்கு எல்லாரும் ஏதாவது விடத்தானே வேணும்."

"நீங்க எத விடறீங்க தாத்யா?"

தாத்யா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டதால் பதில் சொல்ல முடியவில்லை. கஜராபாய் ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பினாள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வாடாவில் எல்லோரும் பயந்துபோனார்கள், அவள் பேசாமல் நடந்து யாரும் பார்த்ததில்லை. மங்கல் அப்போது ஏழாவது. மறுபடி கரும்புக்குப் போனால் அவளையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும், குடிசையையும் தம்பியையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அப்படிப் போகிற பெண்ணுக்கு அடுத்த தசராவுக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். கஜராபாய்க்கும் அப்படித்தான் பார்த்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம் அவளுக்கு அந்தப் படியில் உட்கார்ந்தபோதே காதில் விழுந்திருந்தது. ஊரில் ஒவ்வொரு வீடும் கிராம சபையில் கையைத் தூக்கினால்தான் நிறுவனம் வேலையைத் தொடங்கும். ஒரு வீடு தூக்காவிட்டாலும் ஜீப் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

கிராம சபை நாளன்று நிறுவனத்தின் பெரிய அதிகாரி வந்தார். கழுத்து தெரியாத அளவுக்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள். அவர் பேசி முடித்து மாலையைக் கழற்றி நாற்காலிக் கையில் மாட்டியதுதான் தாமதம், கஜராபாயின் மைனா என்கிற கறுப்பு ஆடு நிதானமாக நடந்து போய் அதைத் தின்னத் தொடங்கியது. பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். தாத்யா கையைத் தட்டினார்.

"சம்மதம்னு சொல்றவங்க கைய தூக்குங்க!"

மேலத்தெரு முழுக்கக் கை எழுந்தது. வாடாக்காரர்கள் வழக்கப்படி கடைசியில் தூக்குவார்கள். அன்றைக்கு அவர்கள் கஜராபாயைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாடாவில் ஒரு கையும் எழவில்லை.

"என்ன கஜரே, கை எழலையா?"

"வலிக்குது தாத்யா. கரும்ப நெனச்சா அதுக்கு வலி வந்துடும்."

"கிண்டல் பண்ற நேரமா இது? ஊருக்குத் தண்ணி வரப் போவுது. தண்ணி எல்லாருக்கும்தானே?"

"தண்ணி உங்க கெணத்துக்கு வரும், ஷிண்டே அண்ணன் கெணத்துக்கு வரும். எனக்குக் கெணறு எங்க இருக்கு? எங்கிட்ட இருக்கறது ஒரு சொம்பு." அவள் பெரிய அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "சாஹேப், மூணு வருஷம் ஆடு போவலன்னா மலையில என்ன ஆவும்?"

"புல் வளரும்மா. நல்லா வளரும்."

"எவ்வளவு?"

"இடுப்பளவு வரைக்கும்கூட."

"அத யாரு அறுத்துக்குவா?"

அதிகாரி நிகம் சாஹேபைப் பார்த்தார். நிகம் சாஹேப் தாத்யாவைப் பார்த்தார். தாத்யா மாலையைத் தின்கிற ஆட்டைப் பார்த்தார். அந்தக் கேள்வி அதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை, அல்லது தோன்றியவர்கள் சொல்லவில்லை.

"நெலம் இருக்கறவங்களுக்குத் தண்ணி. நெலம் இல்லாதவங்களுக்குப் புல்லு. அறுத்துத் தலையில தூக்கிட்டு வந்து ஆட்டுக்குப் போடறோம். எங்க ஆடு மலைக்கு வராது, மலை எங்க ஆட்டுகிட்ட வரட்டும். இத இப்பவே சொல்லுங்க, கைய தூக்கறோம்."

வெளியாள் முன்னால் தாத்யாவுக்கு வேறு வழி இல்லை. "சரி, சரி, மாருதி சாட்சியா புல்லு உங்களுக்கு. தூக்குங்க."

கஜராபாய் இரண்டு கையையும் தூக்கினாள். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு மைனாவுக்கு" என்றாள். அதிகாரியும் சிரித்துவிட்டார். பாதி மாலையோடு ஊர் திரும்பினார்.

வார்த்தை கிடைத்துவிட்டது, ஆனால் புல் முளைக்க மழை வர வேண்டும். அதுவரை மந்தைக்குப் போட ஒன்றும் இல்லை. மைனாவையும் இன்னும் மூன்று ஆடுகளையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சந்தையில் விற்றாள். ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நெற்றியில் மஞ்சள் வைத்து, வாங்கினவனுக்கு அதனதன் குணத்தைச் சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதாள். அந்த அழுகையும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

வெயில் ஏறியதும் கரை வேலை தொடங்கியது. இயந்திரம் பாதி, ஊரின் இலவச உழைப்பு பாதி. வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு அரை நாள். நிகம் சாஹேப் ஒவ்வொரு வீட்டுத் தலைவரின் பேரையும் கூப்பிடுவார். முதல் நாள் காலையில் கஜராபாய் தன் வீட்டுக்காக நின்றாள். மத்தியானம் மறுபடி பேர் கூப்பிட்டபோது இது நடந்தது.

"ரங்கநாத்ராவ் ஷேள்கே?"

"இருக்கேன்!" என்றது மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல்.

நிகம் சாஹேப் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க எப்படிம்மா ரங்கநாத்ராவ்?"

"காலையில நான் கஜரா, சாஹேப். மத்தியானம் பாக்ரி ரொட்டி தின்னப்புறம் ரங்கநாத்ராவ். தாத்யா எனக்குக் கூலி குடுத்து அவரு எடத்துல நிக்கச் சொன்னாரு. அதோ எங்க வாடா சகுபாய், அவதான் ஷிண்டே அண்ணன். அந்தக் கெழவர் ஒருத்தரே ரெண்டு பேரு, காலையில சும்மா சுமந்தாரு, இப்ப கூலிக்குச் சுமக்கறாரு. காலைச் சட்டி கனக்குது, மத்தியானச் சட்டி லேசா இருக்குது, அது ஏன்னுதான் தெரியல."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் யாரும் சரியாக மண் சுமக்கவில்லை. ஆனால் நிகம் சாஹேப் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக "சரிதானே?" என்று கேட்காமல் ஒரு சட்டம் போட்டார். எந்த வீட்டுக் கிணறோ அந்த வீட்டு ஆள்தான் வர வேண்டும், கூலிக்கு ஆள் அனுப்பினால் கணக்கில் சேராது. தாத்யா ஒரு நாள் வந்தார். போட்டோவுக்கு ஒரு சட்டி மண்ணைத் தூக்கி, மீசையைத் தடவிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து அவர் மனைவி ஹவுசாபாய் வந்தாள். பருத்த உடம்பு, தலையிலிருந்து இறங்காத முந்தானை, வீட்டுப் படியைத் தாண்டி வேலை செய்து பழக்கமில்லாத கை.

மண் வெட்டும் இடத்திலிருந்து கரை வரைக்கும் எல்லோரும் வரிசையாக நின்று சட்டியைக் கைக்குக் கை மாற்ற வேண்டும். மேலத்தெருவார் ஒரு பக்கம், வாடாக்காரர்கள் ஒரு பக்கம் என்று வரிசை தானாகவே அமைந்துவிட்டது. இரண்டு பக்கமும் சந்திக்கிற இடத்தில் ஹவுசாபாய் நின்றாள், அவளுக்கு அடுத்துக் கஜராபாய். அந்த இடத்தில் மட்டும் சட்டி கைக்குப் போகாது. ஹவுசாபாய் குனிந்து தரையில் வைப்பாள், கஜராபாய் குனிந்து எடுப்பாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தாலும் உப்புக் கொடுத்தாலும் அந்த ஊரில் அப்படித்தான் கொடுப்பார்கள். ஆனால் மண் சட்டி உப்பு இல்லையே. மேலே இருந்து வேகமாக வந்த சட்டிகள் ஹவுசாபாயின் காலடியில் குவிந்தன. வரிசை நின்று நின்று நகர்ந்தது.

"மழை வர்றதுக்குள்ள கரை முடியணும். அங்க என்ன அடைப்பு?" என்று நிகம் சாஹேப் கத்தினார்.

"ஒண்ணுமில்ல சாஹேப், சட்டி இளைப்பாறுது!" என்றாள் கஜராபாய்.

ரெண்டு நாள் ஹவுசாபாய் குனிந்தாள், நிமிர்ந்தாள். மூன்றாம் நாள் வெயில் உச்சியில் ஏறியபோது ஒரு சட்டியை இறக்கக் குனிந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். முகம் கோணிவிட்டது.

"அக்கா, பிடிச்சிக்கிச்சா?"

"இடுப்பு போச்சுடி" என்றாள் ஹவுசாபாய். அப்படியே சட்டியை நீட்டினாள். "இந்தா, புடி. நான் செத்தா ஊரா வந்து எண்ண தேய்க்கப் போவுது?"

கஜராபாய் வாங்கிக்கொண்டாள். ரெண்டு பேர் விரலும் பட்டன. வரிசையில் இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. வானம் இடிந்து விழவில்லை. அடுத்த சட்டி வந்தது, ஹவுசாபாய் அதையும் கையிலேயே கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் அன்றைக்கான மண் முழுவதும் கரையில் இருந்தது. "ஏன்டி, இத மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று ஹவுசாபாய் கேட்டாள். "நான் சொன்னா நீங்க செஞ்சிருக்க மாட்டீங்கக்கா. உங்க இடுப்பு சொல்லிச்சு, கேட்டுட்டீங்க" என்றாள் கஜராபாய். அதற்குப் பிறகு மத்தியான பாக்ரிக்கு ஹவுசாபாய் கொண்டு வருகிற பச்சை மிளகாய்த் துவையல் அந்த முனையில்தான் திறக்கப்பட்டது. ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களின் வீட்டுப் பெண்களும் துவையலுக்கு அங்கேதான் வந்தார்கள்.

ஆனி மாதத்தில் மழை வந்தது. கரைக்குப் பின்னால் தண்ணீர் செம்மண் நிறத்தில் நின்றது, தெளிந்தது, கிணறுகளில் ஏறியது. தாத்யா தன் கிணற்றுக்குத் தேங்காய் உடைத்தார். கஜராபாய் தினமும் மலையடியில் நின்று மேலே பார்ப்பாள். முதலில் பச்சைத் தூசு மாதிரி இருந்தது. பிறகு கணுக்கால், முழங்கால். பிள்ளையார் சதுர்த்திக்குள் குனிந்தால் ஆள் தெரியவில்லை. அவளுடைய ஆடுகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மூக்கை நீட்டும். "பொறுடி மைனா, உனக்குத்தான்" என்று சமாதானம் சொல்வாள்.

தசரா முடிந்தது. மேஸ்திரி பஜ்ரங்கின் டிராக்டர் வேப்ப மரத்தடியில் வந்து நின்றது. அதே நாளில் கமிட்டி கூட்டம். இப்போதெல்லாம் கூட்டம் பள்ளிக்கூட முற்றத்தில்தான் நடந்தது. மாருதி கோயிலில் இடம் போதவில்லை என்று நிகம் சாஹேப் காரணம் சொல்லியிருந்தார். கஜராபாய் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

தாத்யா தொண்டையைச் செருமினார். "புல்லு நல்லா வந்திருக்கு. பால் டெய்ரிக்காரங்க ரெண்டு பேரு கேட்டு வந்துட்டாங்க. ஏலம் விட்டுடலாம். வர்ற பணத்துல மாருதி கோயில் மண்டபத்த பெருசா எடுத்துக் கட்டலாம்."

கோயில் என்றதும் யாரும் வாய் திறக்கவில்லை. தாத்யா விவரமான மனுஷர்.

"தாத்யா, மாருதி சாட்சியா புல்லு எங்களுக்குன்னு சொன்னீங்க."

"அது அப்ப சொன்னது. புல்லு இவ்வளவு வரும்னு யாருக்குத் தெரியும்? உன் நாலு ஆட்டுக்கு ஒரு மலையா? மாருதிக்குச் செய்யறத தடுக்காத கஜரே."

"கொஞ்சம் யோசிக்கலாமே, சரிதானே?" என்றார் நிகம் சாஹேப். யாரும் யோசிக்கவில்லை. தாத்யா கை தூக்கச் சொன்னார். மேலத்தெரு ஆண்களின் கைகள் எழுந்தன. இந்தத் தடவை எல்லா வீடும் தூக்க வேண்டியதில்லை, பாதிக்கு மேல் போதும்.

கஜராபாய் வெளியே பார்த்தாள். வேப்ப மரத்தடியில் பஜ்ரங் டிராக்டர் மேல் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான். மங்கல் பள்ளிக்கூட ஜன்னலில் மற்ற பிள்ளைகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பாடும் கடைசியில் அந்த டிராக்டரில் ஏறத்தானா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. நல்ல கோபம்.

எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகினாள். முற்றத்து மூலையில் கிடந்த மண் சட்டி ஒன்றை எடுத்தாள்.

"எங்க போற?"

"கரைக்கு. நெலம் உங்களோடது தாத்யா. கெணறு உங்களோடது. மலை சர்க்காரோடது. புல்லு இப்ப மாருதியோடதுன்னு ஆயிடுச்சு. ஆனா அந்தக் கரையில நான் கொட்டின மண்ணு என்னோடது. அத நான் எடுத்துட்டுப் போறேன். வேற என்ன இருக்கு எனக்கு இந்த ஊர்ல?"

நடந்தாள். அவள் பின்னால் சகுபாய் எழுந்தாள். வாடாப் பெண்கள் ஒவ்வொருவராகச் சட்டியோ கூடையோ கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கோண்டிபா என்ன நினைத்தானோ, வீட்டுக்கு ஓடிப் போய் ஹல்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து அடிக்கத் தொடங்கினான். கல்யாண ஊர்வல அடி. அவனுக்கு வேறு அடி தெரியாது. ஊரே என்ன விசேஷம் என்று பின்னால் வந்தது. பஜ்ரங்கும் கடலையை மடியில் கட்டிக்கொண்டு வந்தான்.

கரைக்குப் பின்னால் தண்ணீர் தளும்பி நின்றது. கஜராபாய் கரையின் நடுவில் ஏறி உட்கார்ந்து, கையாலேயே மண்ணைப் பறித்துச் சட்டியில் போட்டாள்.

நிகம் சாஹேப் செருப்பு ஒரு பக்கம் கழன்று விழ ஓடி வந்தார். "அம்மா, கரை ஒடைஞ்சா ஊரே போயிடும்!"

"ஏன் சாஹேப் ஒடையும்? என் பங்கத்தானே எடுக்கறேன். சகு அவ பங்க எடுப்பா. தாத்யா பங்க நாங்க தொட மாட்டோம். அவரு போட்டோவுக்குத் தூக்கினாரே ஒரு சட்டி, அது அப்படியே இருக்கட்டும். அவரு தண்ணி அத்தனையும் அது பின்னால நிக்கட்டும்."

ஊர் சிரித்தது. தாத்யாவின் ஆட்கள் கூடச் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். தாத்யா முகம் சிவந்து, "யாராவது இவள எறக்குங்க!" என்று கத்தினார். யாரும் நகரவில்லை. நகர்ந்தது ஹவுசாபாய் ஒருத்திதான். வீட்டிலிருந்து ஒரு பித்தளை அண்டாவையே தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, கரை மேல் ஏறினாள்.

"நீ எங்க ஏறற?" என்றார் தாத்யா.

"நானும் சுமந்திருக்கேனே. எனக்கும் பங்கு உண்டு. நீங்க வார்த்த கொடுத்தத நம்பித்தான் இவங்க சுமந்தாங்க, இவங்க பக்கத்துல நின்னு நானும் சுமந்தேன். வார்த்த போச்சுன்னா மண்ணும் போவட்டும். தள்ளி உக்காருடி கஜரா, அண்டா பெருசு."

அவளைப் பார்த்து மேலத்தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர் கரையோரம் வந்து நின்றார்கள். ஏறவில்லை, ஆனால் திரும்பியும் போகவில்லை. மண் சுமந்த நாட்களில் தங்கள் இடுப்புவலிக்கு யார் வெந்நீர் வைத்தது என்பது அவர்களுடைய புருஷர்களுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முற்றத்தில் தூக்கிய கைகளை அவர்கள் இப்போது சட்டைப் பையில் வைத்திருந்தார்கள்.

தாத்யா தண்ணீரைப் பார்த்தார். அதற்குக் கீழே, பச்சைப் பசேலென்று நின்ற தன் வெங்காய வயலைப் பார்த்தார். அண்டாவில் மண் அள்ளுகிற மனைவியைப் பார்த்தார். மீசை தொங்கிவிட்டது.

"ஏலம் கெடையாது" என்றார்.

"கேக்கல தாத்யா. கோண்டிபா, அத நிறுத்து!"

பறை நின்றது.

"ஏலம் கெடையாதுன்னேன்! புல்லு உங்களுக்கு. இந்த வருஷம், அடுத்த வருஷம், எல்லா வருஷமும். மொதல்ல அண்டாவ கவுத்துட்டு என் பொண்டாட்டிய எறக்கி விடுங்க."

"நான் தானா எறங்கிக்கறேன்" என்றாள் ஹவுசாபாய். பறித்த மண்ணையெல்லாம் கஜராபாய் திரும்பக் கொட்டி, காலால் மிதித்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை மிதித்துக் கெட்டிப்படுத்தினாள். அவளை விட அதிகமாக அந்தக் கரை உடையக் கூடாது என்று நினைத்தவர்கள் அங்கே யாரும் இல்லை.

பஜ்ரங் கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தான். "கஜரா, என்ன சொல்ற? உன் எடத்த காலியா வச்சிருக்கேன். உன்ன மாதிரி கட்டு கட்டறவ கெடைக்க மாட்டா."

ஆடு வந்த பிறகு, டிராக்டர் வரும் நாளில் கஜராபாய் ஒவ்வொரு வருஷமும் விடியும்போதே ஆட்டை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று கோண்டிபா ஏதாவது சொல்லிச் சமாளிப்பான். மேஸ்திரியின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று வாடாவில் யாரும் சொன்னதில்லை. ஊரே கேட்கிற குரல் உள்ள கஜராபாய்க்கு அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் குரல் வந்ததில்லை.

"நான் வரல" என்றாள்.

"அடுத்த வருஷம்?"

"வர மாட்டேன். இனிமே எம் பேர சொல்லி எங்க தெருவுல ஹாரன் அடிக்காத, எம் பொண்ணு படிப்பு கெடும்."

அன்றைக்குச் சாயங்காலம் வாடாவிலிருந்து இரண்டு குடும்பங்கள்தான் டிராக்டரில் ஏறின. புல் வெட்டுகிற பங்கு உண்டு, இருங்கள் என்று கஜராபாய் சொல்லிப் பார்த்தாள். அவர்களுக்கு ஆடு இல்லை, வேறு கஷ்டங்கள் இருந்தன. சகுபாயின் தங்கை கைக்குழந்தையோடு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். கஜராபாய் அவளுக்கு வழிக்குப் பாக்ரியும் வெங்காயமும் கட்டிக் கொடுத்தாள், குழந்தையின் தலைத் துணியை இழுத்துச் சரிசெய்தாள், வரும்போது உனக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாரத்துக்கு விடுகிறேன் என்று சொன்னாள். டிராக்டர் நகர்ந்தது. இதுவரை அவள் அதன் மேல் உட்கார்ந்து ஊர் பின்னால் போவதைப் பார்த்திருக்கிறாள், இல்லாவிட்டால் மலையில் ஒளிந்திருக்கிறாள். தெருவில் நின்று வழியனுப்பியது இல்லை. கையை எப்படி ஆட்டுவது, எவ்வளவு நேரம் ஆட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. மங்கல் பக்கத்தில் வந்து நின்றாள். டிராக்டர் திருப்பத்தில் மறைந்து, சத்தமும் போன பிறகும் கஜராபாய் கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.